3,200 டாலர் உறுமல்

டெக்சஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில், பிரெஸ்டன் ரோட்டை ஒட்டிய ஒர்க்‌ஷாப்புக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டரை. அதற்குள் வெயில் முதுகைச் சுட ஆரம்பித்துவிட்டது. வண்டி நண்பருடையது, ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி. 45 மைல் வேகத்தைத் தாண்டினால் பின்னாலிருந்து கிரைண்டர் ஓடுவதுபோல ஓர் உறுமல். வேறோர் இடத்தில் காட்டியபோது, "ரியர் டிஃபரன்ஷியல் போயிடுச்சு, 3,200 டாலர் ஆகும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"வண்டியைத் தூக்கிப் பார்த்தாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து சொன்னாங்க."

கோளாறு கண்டுபிடிக்க 150 டாலர் என்று சுவரில் பலகை தொங்கியது. மெக்கானிக் மெக்சிகோக்காரர், அதிகம் பேசாதவர். பானெட்டைத் திறக்கவேயில்லை. ஏசியையும் ரேடியோவையும் நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில். சில நிமிடங்களிலேயே சட்டை நனைந்துவிட்டது.

பிரெஸ்டன் ரோட்டில் வடக்கே விட்டார். 121-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து 380-ஆம் நெடுஞ்சாலை வரை எட்டு மைல் சொச்சம். ஆனால் சிக்னல்கள் விட்டால்தானே. எல்டொராடோ சாலையைத் தாண்டி வேகம் 50-ஐத் தொட்டதும் உறுமல் கிளம்பியது. மெக்கானிக் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார், விட்டார். சத்தம் அப்படியே இருந்தது. டிஃபரன்ஷியலின் பல் சக்கரம் கெட்டிருந்தால், இழுக்கும்போது ஒரு சத்தமும் விடும்போது வேறு சத்தமும் வருவதுதான் வழக்கம். நியூட்ரலில் போட்டார், அப்போதும் மாறவில்லை. ஆளில்லாத ஒரு பக்கத்துச் சாலையில் வண்டியை மெல்ல இடமும் வலமுமாக ஆட்டினார். இடது பக்கம் திரும்பினால் எடை வலது சக்கரத்தில் இறங்கும். வலது பேரிங் போயிருந்தால் பெரும்பாலும் சத்தம் அப்போது கூடும். கூடவில்லை.

இந்த வட்டாரச் சாலைகள் பெரும்பாலும் கான்கிரீட். ஓரிடத்தில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். அதில் ஏறியதும் உறுமல் பாதியாகக் குறைந்தது. கான்கிரீட் வந்ததும் திரும்ப ஏறியது. மெக்கானிக் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். டிஃபரன்ஷியலுக்குத் தார் ரோடு எது, கான்கிரீட் எது என்று தெரியாதே!

அதோடும் அவர் விடவில்லை. ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி, கிளிப் வைத்த குட்டி மைக்குகளை டிஃபரன்ஷியல் மேலும், பின் சக்கரப் பேரிங் இரண்டின் அருகிலும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் தாங்கியிலும் மாட்டினார். ஹெட்போனை என் காதில் வைத்துவிட்டு இன்னொரு ரவுண்டு. பொத்தானைத் திருப்பத் திருப்ப ஒவ்வொரு இடமாகக் கேட்கிறது. டிஃபரன்ஷியலில் மெல்லிய ரீங்காரம் மட்டும். பின் சக்கரங்கள் இரண்டிலும் ஒரே அளவு உறுமல்.

அடுத்து லிஃப்ட். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இல்லை. ஒரு கையால் சுழற்றி, மறு கையைக் காயில் ஸ்பிரிங்கில் வைத்தார். பேரிங் கெட்டிருந்தால் நறநறப்பு அங்கே தெரியுமாம். நானும் வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஆனால் பின் டயரைத் தடவியபோது விஷயம் கைக்கே தெரிந்தது. ஒரு திசையில் வழவழ; எதிர்த் திசையில் ஒவ்வொரு பட்டனும் விரலைப் பிடித்தது.

அளவு குச்சியைச் செருகினார். முன் டயர்களில் பட்டன் ஆழம் 8/32 அங்குலம், பின்னால் 5/32. போன வருஷம் ஆணி ஏறியதால் முன்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டதாக நண்பர் தயக்கத்தோடு சொன்னார். கணக்குப் போட்டால் சுற்றளவில் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். உதாரணத்துக்கு, சுபாரு கம்பெனி தன் ஆல் வீல் டிரைவ் வண்டிகளுக்குக் கால் அங்குலத்துக்கு மேல் ஆகாது என்கிறது. சின்னச் சக்கரம் கூடுதலாகச் சுற்றும். முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் இணைக்கும் கப்ளிங் ஓயாமல் வழுக்கிச் சூடேறும். அப்படியே விட்டிருந்தால் 3,200 டாலர் செலவு நிஜமாகவே வந்திருக்கும்.

இதை முன்பே யாராவது கவனித்திருக்கலாமே என்றால், டெக்சஸில் 2025 ஜனவரி 1 முதல் சொந்தக் கார்களுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. காலின், டென்டன் கவுன்டிகளில் புகைச் சோதனை மட்டும் உண்டு. டயரை யாரும் பார்ப்பதில்லை. சோதனைக்கான 7.50 டாலர் கட்டணத்தை மட்டும் விடாமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

டிஃபரன்ஷியல் ஆயிலையும் இறக்கிப் பார்த்தார். கறுத்துப்போய்க் கருகல் வாடை அடித்தது. காந்த மூடியில் சாம்பல் நிறப் பசைதான். இரும்புச் செதில் இல்லை. புது ஆயில் ஊற்றி, முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றினார். மறுபடி பிரெஸ்டன் ரோடு, அதே 50 மைல். உறுமல் இப்போது ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்து வந்தது.

எல்லாம் சேர்த்து 270 டாலர் பில். நான்கு புது டயருக்கு 780 ஆகும் என்றார்கள். நண்பர் அங்கேயே சொல்லி வைத்துவிட்டார். உங்கள் வண்டிக்கும் யாராவது டிஃபரன்ஷியல் போச்சு என்று சொன்னால், கையெழுத்துப் போடும் முன் டயரை முன்பின் மாற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.