பரிசம் போய் பவுன் வந்தது

தமிழகக் கிராமங்களில் ஒரு காலத்தில் பெண் தேடும் வேலையே பெரிதாக இருந்ததில்லை.
மாமன் மகளோ அத்தை மகளோ, பிறந்த அன்றே பேச்சு முடிந்துவிடும்.
முறைமாப்பிள்ளையைக் கேட்காமல் வெளியே கொடுத்தால் பந்தலிலேயே தகராறு.

பல சாதிகளில் மாப்பிள்ளை வீடுதான் பரிசம் போட்டது.
வெற்றிலை பாக்கு, சேலை, கொஞ்சம் பணம். அவ்வளவுதான்.

பிறகு படிப்பும் சர்க்கார் உத்தியோகமும் வந்தன. பணம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியது.
1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. கேட்கும் விதம் மட்டும் நாகரிகமானது:
“உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க.”
எத்தனை பவுன் என்பது தரகர் வாயால் வரும்!

பெண்ணின் திருமண வயது சட்டப்படி 1929இல் 14, 1978இல் 18.
ஆனால் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதில் பள்ளிக்கூடத்துக்கும் டவுன் பஸ்ஸுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் பங்கு அதிகம்.

காதலும் அந்த பஸ்ஸில்தான் ஏறியது. திருவிழாக் கூட்டத்தில் ஓரக்கண் பார்வையாக இருந்தது, செல்போனில் நள்ளிரவுப் பேச்சானது.
சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967லேயே தமிழகம் சட்டம் இயற்றிவிட்டது. சாதி தாண்டினால் அரிவாள் வருவது நிற்கவில்லை. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டு அருகே, சாதி தாண்டிக் கல்யாணம் செய்த இளைஞரை வெட்டினார்கள்.

இப்போது கொங்குப் பக்கம் தோட்டம், கிணறு, டிராக்டர் எல்லாம் இருந்தும் விவசாயம் பார்க்கும் பையனுக்குப் பெண் அமைவது கஷ்டம். பாலக்காடு வரை போய்ப் பெண் எடுக்கிறார்கள்.
பெண் வீட்டார் முதலில் கேட்பது இதைத்தான்:
“மாப்பிள்ளை ஊர்லயா இருக்காரு, டவுன்லயா?”