வாழையிலை போல ஆடிய விண்டோ

பாகூரில் மாமா பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். கூட்டமில்லாத மதியங்களில் தன் லேப்டாப்பைத் திறந்து, ஒரு விண்டோவின் தலைப்பைப் பிடித்து இழுத்துக் காட்டுவார். காற்றில் வாழையிலை போல அது நெளிந்து துவண்டு, விட்டதும் நிமிர்ந்துகொள்ளும். "பாத்தியாடா? மெட்ராஸ்ல நம்ம புள்ளைங்க எழுதுனது" என்பார். அதில் ஓடியது பாஸ் லினக்ஸ். சென்னை சி-டாக் உருவாக்கி, 2007-இல் வெளிவந்தது. மாமா சொன்னதை நான் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நம்பியிருந்தேன்.

போன வருஷம் அலுவலகத்தில் ஒரு பையன் தன் கேடிஇ திரையில் அதே ஆட்டத்தைக் காட்டி, "இது ஜெர்மன்காரங்களோடதுங்க" என்றான். மாமா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஆட்டத்தை யார் எழுதினார்கள் என்று தெரிந்தாக வேண்டும். அது மாமாவின் லேப்டாப்பிலேயே மறுபடி ஆடவும் வேண்டும்.

லேப்டாப் அத்தை வீட்டுப் பரணில் இருந்தது. தட்டியதும் ஹார்டு டிஸ்க் ஓடியது. ஆனால் திரையின் உள்விளக்கு மங்கிப்போய்க் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் வெளி மானிட்டர் ஒன்றைச் செருகி, இரண்டையும் ஒரே அகலத் திரையாக நீட்டினேன். மெனுவில் போய் மேசைத்தள விளைவுகளை இயக்கச் சொன்னேன். முடியாது என்று ஒரு வரி வந்தது. காரணம் எதுவும் இல்லை.

கிராபிக்ஸ் டிரைவர்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. டிரைவரைக் கழற்றி மாட்டினேன். எக்ஸ்-ஆர்க் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றியதும் திரை கறுத்தது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய்ப் பழைய கோப்பைத் திரும்ப வைத்தேன். 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' கட்டளையோ ஒவ்வொரு முறையும் நேரடி வரைவு உண்டு என்றே சொன்னது. வரைவது சிப்தான், பிராசஸர் அல்ல என்று அதன் பெயரையும் காட்டியது. டிரைவர் நலமாக இருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எனக்கு அது உறைக்கவில்லை.

அந்த நாட்களில் மூலநிரலையும் தேடிப் படித்தேன். ஆட்டத்தைத் தந்த நிரல் கம்பிஸ். நாவெல் நிறுவனத்தில் இருந்த டேவிட் ரெவ்மன் எழுதி 2006-இல் வெளியானது. ஆட்டத்துக்குரிய 'வாப்லி' கோப்பின் தலையில் அவர் பெயர் இருக்கிறது. அங்கேயே இன்னொரு வரி: ஸ்பிரிங் மாதிரியை அமைத்தவர் கிறிஸ்தியன் ஹோக்ஸ்பெர்க். அவர் இருந்தது போட்டி நிறுவனமான ரெட் ஹாட்டில்! கம்பிஸ் வருவதற்கு முன்பே அங்கே 'லூமினோசிட்டி' என்ற சோதனை நிரலில் விண்டோக்கள் ஆடியிருக்கின்றன. ஒரு கம்பெனியின் ஸ்பிரிங் இன்னொரு கம்பெனியின் நிரலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, எழுதியவர் பெயரோடு. எங்கள் ஊர்ச் செப்பேடு நினைவுக்கு வந்தது. நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு ஊர்களை விட்டுக்கொடுத்த அந்த ஏட்டிலும் அரசன் பெயரோடு காஞ்சித் தட்டாரின் பெயரும் உண்டு.

யார் என்ற கேள்வி அதோடு ஓய்ந்தது. எப்படி என்பது பிடித்துக்கொண்டது. அந்த நிரலுக்கு விண்டோ என்பது நான்குக்கு நான்காகப் பதினாறு புள்ளிகள், அவற்றுக்கிடையே ஸ்பிரிங்குகள். ஸ்பிரிங்கின் விறைப்பு 8, உராய்வு 3. நாம் பிடிக்கும் இடத்துக்கு அருகிலுள்ள புள்ளி கையோடு வரும், மற்றவை இழுபட்டுப் பின்னால் வரும். மாமா காட்டிய வாழையிலை இவ்வளவுதான். இவ்வளவு கொஞ்சத்தில் அவ்வளவு உயிர்!

ஆனாலும் லேப்டாப் அசையவில்லை. கடைசியில் வில்லியனூரில் இருக்கும் அண்ணனிடம் போனேன். மாமா கடையில் வேலை பார்த்தவர், இப்போது மெஷின் சர்வீஸ் செய்கிறார். நான் டிரைவர் கதையை விரிவாகச் சொல்ல, அவர் ஒன்றையே கேட்டார்.

"மாமா எத்தினி மானிட்டர் வெச்சிருந்தாரு?"

"ஒண்ணுதாண்ணே. அதுக்கும் டிரைவருக்கும்..."

"நீ எத்தினி மாட்டியிருக்க?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஸ்குரூ டிரைவரோடு வேறொரு மெஷினுக்குத் திரும்பிவிட்டார். நான் டிரைவர் பதிப்பைச் சொன்னபோதெல்லாம் அதே கேள்வி திரும்பி வந்தது. எரிச்சலோடு பஸ் ஏறினேன்.

இரவு அத்தை வீட்டில், மெனுவை விட்டுவிட்டு டெர்மினலில் கம்பிஸை நேரடியாக ஓட்டினேன். ஒவ்வொரு சோதனையாக வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வந்தது. ஒரு வரியில் நின்றது: திரை அளவு 2560-க்கு 1024, முப்பரிமாண டெக்ஸ்சரின் உச்ச அளவு 2048, தோல்வி. திரை முழுவதையும் கம்பிஸ் சிப்பைக் கொண்டுதான் வரைகிறது. அந்தக் காலத்துச் சிப்பின் கை 2048 புள்ளிகளுக்கு மேல் நீளாது. இரண்டு 1280-களை நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன்.

வெளி மானிட்டரைப் பிடுங்கிவிட்டு மறுபடி துவக்கினேன். மங்கிய திரையில், விளக்கை அணைத்த அறையில், விண்டோ நெளிந்தது. அதன் தலையில் தமிழ் எழுத்துகளும் சேர்ந்து நெளிந்தன. தமிழும் மற்ற இந்திய மொழிகளும் பேசும்படி இதைச் சென்னையில் ஒருங்கிணைத்தவர்களைத்தான் மாமா நம்ம புள்ளைங்க என்றார் போலிருக்கிறது. நான் வேகமாக இழுத்து இழுத்து விட்டேன்.

பின்னால் நின்றிருந்த அத்தை என் தோளைத் தொட்டார்.

"மெதுவா இழுடா. அவுரு மெதுவாத்தான் இழுப்பாரு."