இருபத்தைந்தும் இருபத்தாறும்

வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமி நினைவு நாள். நடுவில் ஓர் இரவுதான் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. திருநாள் பூசைக்கு வந்தவர்களில் பலர் ஊர் திரும்பாமல் தங்கியிருந்தார்கள். கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், காலையில் கடலில் கால் நனைக்கப் போயிருந்தார்கள். நம் நேரப்படி ஆறரை மணிக்குச் சுமத்ரா பக்கம் கடலடி நிலம் பிளந்தது. ஒன்பது மணி வாக்கில் அலை நாகைக் கரைக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000 பேருக்கு மேல் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர்களும் அந்த மாவட்டத்துக்கு வந்திருந்தவர்களும். வேளாங்கண்ணியில் அடையாளம் தெரியாத உடல்களை ஒன்றாகச் சேர்த்துப் புதைத்தார்கள். அங்கே இன்று நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் இருபத்தாறாம் தேதி மெழுகுவர்த்தியோடு போய் நின்று ஜெபம் சொல்கிறார்கள். அன்றைக்கு மீன்பிடிக்கப் போகாத ஊர்கள் இந்தக் கரை நெடுகிலும் உண்டு.

வாசலில் தொங்கவிட்ட நட்சத்திரத்தை அன்றைக்கு யாரும் கழற்றுவதில்லை. குடிலும் அப்படியே இருக்கும். குடிலுக்குப் புல் வேண்டுமென்று ஒரு வாரம் முன்பே தட்டில் கேழ்வரகைத் தூவி முளைக்க வைத்திருப்பார்கள். அந்தப் பச்சை அப்போதுதான் நன்றாக எழும்பி நிற்கும். அந்த வீட்டிலேயே ஒரு புகைப்படத்துக்கு மாலையும் போட்டிருக்கும். பண்டிகைக் காலத்தில் மனதையும் உடம்பையும் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று பேச்சு வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வீடுகள்தான். மற்ற ஊர்கள் பட்டுத் தெரிந்துகொள்ளாத ஒன்றை இவை பட்டுத் தெரிந்துகொண்டிருக்கின்றன.

டெல்டாவில் கிறிஸ்துமஸ் வரும் நேரமே இக்கட்டான நேரம். தீபாவளிக்காவது குறுவை அறுத்த காசு கொஞ்சம் கையில் இருக்கும். டிசம்பரில் சம்பா வயலில் நிற்கிறது. உரம், களை, பூச்சிமருந்து என்று போட்ட பணமெல்லாம் தண்ணீருக்குள் இருக்கிறது. அறுவடைக்குத் தை பிறக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை போகிற போக்கில் இன்னொரு தடவை கொட்டிவிட்டால் அதற்கும் உத்தரவாதமில்லை. கடற்கரைத் தெருவில் காற்றும் கடலும் சரியில்லையென்றால் படகு கரையில்தான் கிடக்கும். பிள்ளைகளுக்குத் துணி எடுக்கவும் வந்தவர்களுக்கு இலை போடவும் மகளிர் குழுக் கடனைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வாரத் தவணைக்காரர் திருநாள் வாரத்திலும் வருவார். முகத்தில் சிரிப்பும் மனதில் கணக்குமாக எத்தனை பெண்கள் அந்த வாரத்தைக் கடத்துகிறார்கள் என்பது அடுப்படிக்குள் போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.

நான் அப்படிப் போய் உட்கார்ந்த ஓர் அடுப்படி உண்டு. இருபத்து மூன்றாம் தேதி ராத்திரி. அக்கா அதிரசம் தட்டிக்கொண்டிருந்தார். வாழையிலைத் துண்டில் எண்ணெய் தடவி, மாவு உருண்டையை வைத்து மூன்று விரலால் அழுத்தி, எண்ணெயில் நழுவவிடுவார். உப்பி மேலே வந்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தி எண்ணெய் வடிப்பார். ஓரத்தில் அச்சுமுறுக்கு டப்பா. மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் மூத்த பையன் 2004-இல் போய்விட்டான். பள்ளிக்கூடம் போகிற வயது. அரையாண்டு விடுமுறை.

“முதல் வருஷம் யாரும் ஒண்ணும் சொல்லல, தங்கச்சி. துக்க வீடுன்னு விட்டுட்டாங்க. ரெண்டாம் வருஷம் நட்சத்திரம் கட்டலன்னதும் எல்லாரும் வந்து புத்தி சொன்னாங்க. இன்னும் எத்தினி நாளைக்கு இப்பிடியே இருப்பே, மத்த புள்ளைங்க மொகத்தைப் பாருன்னு. கட்டினேன். கட்டிட்டு ராவெல்லாம் தூங்கல. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். பண்டிகை மாசம் பொறந்தாலே வயித்துல புளியக் கரைக்கும்.”

“அப்புறம் எப்படிக்கா சரியாச்சு?”

“சரின்னு எங்க ஆச்சு? நாளைப் பிரிச்சுக்கிட்டேன். இருபத்தஞ்சு இருக்குறவங்களுக்கு. இருபத்தாறு அவனுக்கு. இருபத்தஞ்சுல என்னை யாரும் அழ வைக்கக் கூடாது, இருபத்தாறுல என்னை யாரும் சிரிக்க வைக்கக் கூடாது. வீட்டுல சொல்லிட்டேன். அன்னிக்கி அடுப்பும் பத்த வைக்க மாட்டேன். இருக்குற பலகாரத்தைத் தின்னுட்டு இருப்போம்.”

இவ்வளவு தெளிவாக இதை வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. நம் வழக்கத்தில் ஒரு நல்லது இருக்கிறது. வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. அந்த வீட்டில் பலகாரம் சுட மாட்டார்கள். அக்கம்பக்கத்திலிருந்தும் சொந்தக்காரர்களிடமிருந்தும் வந்து சேரும். கிறிஸ்தவர், இந்து என்று இதில் பெரிய வித்தியாசம் இல்லை. துக்கப்படுகிறவர்களைச் சிரிக்கச் சொல்லாமல், அதே நேரம் தனியாகவும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆனால் அதற்கு ஒரு வருஷம்தான் தவணை. வருஷம் திரும்பியதும் ஊரே ஒன்று சேர்ந்து அந்த வீட்டை மகிழ்ச்சிக்குத் தள்ளுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு வருஷம் எந்த மூலைக்கு? மனநல மருத்துவர்கள் நினைவு நாள் நெருங்கும்போது பழைய துயரம் திரும்புவதைச் சாதாரணமாகவே எதிர்பார்க்கிறார்கள். தேதி இன்னதென்று மனம் எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே, மார்கழிக் குளிரும் வாசல் நட்சத்திரமும் உடம்புக்குச் சொல்லிவிடுகின்றன. தூக்கம் போகிறது, எரிச்சல் வருகிறது, காரணமில்லாமல் கை நடுங்குகிறது. அதைக் கிறுக்கு என்றும் பிடிவாதம் என்றும் பேர் வைத்து வீட்டுக்குள்ளேயே அமுக்குவதுதான் ஆபத்து.

சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இந்தக் கரையில் உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்துத் தெருத் தெருவாக அனுப்பியது. மருந்து மாத்திரையை அவர்கள் முதலில் நீட்டவில்லை. மனதில் இருப்பதைக் கொட்ட விடுவது, குறுக்கே பேசாமல் கேட்பது, உறவோடும் ஊரோடும் மறுபடி சேர்த்து விடுவது, கைக்கு ஒரு வேலை கொடுப்பது, பிள்ளைகளை விளையாட வைப்பது, சாமி கும்பிடுகிறவர்களைக் கும்பிட விடுவது என்று அவர்கள் முறை போயிற்று. அக்கா இதையெல்லாம் தன் போக்கில் செய்து முடித்திருந்தார். அதிரசம் தட்டுகிற கைக்கு வேலை இருக்கிறது. இருபத்தாறாம் தேதி அழுகைக்கு இடம் இருக்கிறது. நினைவிடத்தில் அவரைப் போல இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள்.

மாதா கோயில் வளாகத்தில் இந்த இடம் கொடுத்தல் எப்போதும் உண்டு. ஆரோக்கிய மாதாவிடம் எல்லாம் சரியாக இருக்கிறவர்கள் வருவது குறைவு. 1962-இல் பசிலிக்கா என்று உயர்த்தப்படுவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே நோவோடு வந்தவர்கள்தான் இந்த ஊரை நிறைத்தார்கள். கை, கால், கண், தொட்டில், வீடு என்று தகட்டில் செய்து காணிக்கையாக வைத்துவிட்டுப் போகிறார்கள். மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழங்காலிட்டே நகர்ந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் அழுதுகொண்டே முழங்காலில் போவாள். புருஷன் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நடந்து வருவான். எதிரே பொரி விற்கிறவர் சற்று ஒதுங்கி வழி விடுவார். “ஏன் அழுகிறாய்” என்று யாரும் கேட்பதில்லை. நாலு பேர் நடுவில் வாய்விட்டு அழ முடிகிற இடங்கள் நமக்கு மிகவும் குறைந்துவிட்டன. இது இருக்கிறது. இந்துக்களும் முஸ்லிம்களும் இங்கே வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் உடம்பு விஷயத்தில் வேண்டுதலை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்வீடனில் பதினாறு ஆண்டு மாரடைப்புப் பதிவுகளை அலசி 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மற்ற நாட்களோடு ஒப்பிட, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாரடைப்பு 37 விழுக்காடு கூடுதல். அதிலும் இரவு பத்து மணி வாக்கில். எழுபத்தைந்தைத் தாண்டியவர்களும் சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களும்தான் அதிகம் மாட்டினார்கள். குளிர்தேசம், அதனால் இருக்கும் என்று தள்ளிவிட முடியாது; அவர்களுடைய கோடைத் திருநாளிலும் எண்ணிக்கை ஏறியிருந்தது. அமெரிக்காவிலும் இதய நோய்ச் சாவுகள் கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் ஒட்டி உச்சிக்குப் போவதாக 2004-இல் ஓர் ஆய்வு சொன்னது. நெஞ்சு வலித்தாலும் திருநாள் கழியட்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுவது காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் நினைப்புதான் வந்தது. நெஞ்சை அடைக்கிறது என்று பெரியவர் ஒருவர் சொன்னால் “வாயுப் பிடிப்புதான், பிரியாணி ஒத்துக்கல” என்று ஒரு கோலி சோடாவை உடைத்துக் கொடுப்பார்கள். அல்லது ஓமத் தண்ணீர். வந்தவர்களின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாதென்று அவரும் திண்ணையில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்வார். தயவுசெய்து அப்படிப் படுக்க விடாதீர்கள். வேர்த்துக் கொட்டுகிறது, இடது தோளுக்கு வலி போகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் பந்தியைப் பாதியில் நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பந்தி மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் முடிகிற பெரிய திருவிழாவிலும் இந்தக் கவலை எனக்கு உண்டு. காவி கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வருகிறார்கள். நடப்பது மனதுக்கு மருந்து. கூட்டமாக, பாட்டோடு நடப்பது இன்னும் நல்லது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் தார் ரோட்டில் நடப்பதுதான் கூடாது. மரத்துப்போன பாதத்தில் கொப்புளம் உடைந்தது தெரியாது. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு புண் வைத்து, விரலை எடுக்கிற அளவுக்குப் போய்விடும். செருப்புப் போட்டு நடந்தால் மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். நேர்த்திக்கடன் நாட்களில் மாத்திரையை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, மனதுக்குச் சாப்பிடுகிற மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். பண்டிகைக்கு வெளியூர் போகிறவர்கள் துணிக்கு முன்னால் மாத்திரைச் சீட்டைப் பையில் வைக்க வேண்டும்.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பையன்கள் லீவில் வந்திருப்பார்கள். மச்சான், சித்தப்பா எல்லாரும் கூடுவார்கள். சாயங்காலம் ஆனால் பாட்டில் வரும். ஆண்களுக்கு அது கொண்டாட்டம். வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அது முதல் பயம். எந்தப் பழைய சண்டை இன்றைக்குக் கிளம்பும், யார் யாரை அடிப்பார்கள் என்று அவள் காது கூர்மையாகவே இருக்கும். துக்கத்தை மறக்கக் குடிக்கிறேன் என்கிறவனுக்கு அன்றைய இரவுத் தூக்கமும் சரியாக வராது, மறுநாள் துக்கமும் கூடித்தான் இருக்கும். திருநாள் வாரத்தில் வீட்டுக்கு நாம் தரக்கூடிய பெரிய பரிசு அந்தப் பாட்டிலை வாசற்படிக்கு வெளியே நிறுத்துவதுதான் என்பேன்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் தற்கொலை கூடும் என்று மேல்நாட்டில் பரவலாக நம்புகிறார்கள். அமெரிக்கக் கணக்குகளில் டிசம்பர் மிகக் குறைந்த மாதங்களில் ஒன்றாகவே வருகிறது. ஆட்கள் சூழ இருப்பது எவ்வளவு பெரிய காவல் என்று எனக்கு இதில் தெரிகிறது. அதற்காக, உயிரை விட்டுவிடலாம் என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் பண்டிகை நேரத்துப் பேச்சு என்று ஒதுக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416; 2022-இலிருந்து இயங்குகிறது, கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். குடிலுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டி வைக்கத் தகுந்த எண் அது.

அக்கா வீட்டைப் போலத் துக்கம் சுமக்கிற வீடு உங்கள் உறவில் இருந்தால் ஒன்று செய்யுங்கள். இருபத்தைந்தாம் தேதி எல்லாரும் போவார்கள், இருபத்தாறாம் தேதி கோயிலும் ஊரும் கூட நிற்கும். இருபத்தேழாம் தேதி வீடு வெறிச்சென்று இருக்கும். வந்தவர்கள் ரயிலேறியிருப்பார்கள், பெரிய அண்டாவும் எண்ணெய்ச் சட்டியும் கழுவக் கிடக்கும், கடன் தவணை அடுத்த நாள் இருக்கும். அன்றைக்குப் போங்கள். ஆறுதல் எதுவும் தயார் செய்துகொண்டு போக வேண்டாம். போனவர் பேரைச் சொல்லி, “அவன் இருந்தா இப்ப என்ன வயசு இருக்கும்?” என்று கேட்கலாம், கேட்டதற்காக யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பேரையே உச்சரிக்காமல் சுற்றிச் சுற்றிப் பேசுகிறவர்கள்தான் அவர்களைக் களைக்க வைக்கிறார்கள்.

நான் அக்கா வீட்டுக்கு அப்படி ஒரு இருபத்தேழாம் தேதி போனேன். கொல்லையில் இரண்டு பேரும் உட்கார்ந்து சாம்பல் போட்டு அண்டா தேய்த்தோம். உச்சிவெயில் ஏறும் வரை அவர் பேசிக்கொண்டே இருந்தார். பாதி அவனைப் பற்றி. மீதி மத்தி விலையைப் பற்றியும், மகளுக்கு வந்திருக்கிற வரனைப் பற்றியும், இந்த வருஷம் அதிரச மாவில் பாகு கொஞ்சம் முற்றிவிட்டதைப் பற்றியும்.