எப்போது: கேள்வியா, நிபந்தனையா?

திருத்தணி மலையடிவாரத்தில் கல்லாவில் உட்காருகிறவருக்கு இரண்டு மொழி தெரிந்திருந்தால்தான் வியாபாரம் ஓடும். ஆந்திராவிலிருந்து இந்த ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ல். எல்லைக்கோடு நகர்ந்துவிட்டது, 365 படி ஏற வருகிறவர்களில் தெலுங்கு பேசுகிறவர்கள் இன்றும் ஏராளம்.

இங்கே ஒரு விடுதிக்கு அறை முன்பதிவு மென்பொருள் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது என்பது முதலாளி போட்ட விதி. மென்பொருள் அப்படித்தான் நடக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் ஒரு எக்ஸெல் தாளில் கிடக்கும்: முன்நிலை, செய்வது, எதிர்பார்ப்பது என்று மூன்று பத்தி. அந்தத் தாளை முதலாளி படிக்கமாட்டார், கணினியும் தானாக ஓட்டாது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே எழுத்து வேண்டும் என்று கிளம்பியதுதான் பி.டி.டி., அதாவது நடத்தையை முன்வைத்து மென்பொருள் எழுதும் முறை. டான் நார்த் என்பவர் 2003 வாக்கில் தொடங்கி, 2006-ல் கட்டுரையாகவும் எழுதினார். 2008-ல் ஆஸ்லாக் ஹெல்லெசோய் குக்கம்பர் என்ற கருவியைச் செய்தார். அது படிக்கும் வாக்கிய அமைப்புக்குப் பெயர் கெர்கின் (வெள்ளரிக்காய்க்கு ஊறுகாய்ப் பிஞ்சு!).

எக்ஸெல் தாளைக் கெர்கினுக்கு ஏற்றுமதி செய்வது பெரிய வித்தை இல்லை. முன்நிலை 'கிவன்' ஆகும், செய்வது 'வென்', எதிர்பார்ப்பது 'தென்'. தேதியும் தொகையும் மட்டும் மாறி இருபது வரி இருந்தால் ஒரே வார்ப்புருவும் கீழே ஒரு அட்டவணையும் போதும். கெர்கினில் தமிழும் உண்டு. கோப்பின் தலையில் மொழி தமிழ் என்று குறித்துவிட்டால் இப்படி எழுதலாம்:

கொடுக்கப்பட்ட கிருத்திகைக்கு அறை 12 முன்பதிவாகியுள்ளது
எப்போது வாடிக்கையாளர் முந்தின நாள் ரத்து செய்கிறார்
அப்பொழுது முன்பணம் திரும்பாது

கணினிக்கு இதில் ஒரு குறையும் இல்லை. முதலாளியிடம் காட்டிப் பாருங்கள். "எப்போது ரத்து செய்கிறாரா? அதை என்னைக் கேட்டால்?" என்பார். ஆங்கிலத்தில் ஒரே சொல் கேள்வியும் கேட்கும், நிபந்தனையும் சொல்லும். தமிழில் நிபந்தனை வினையின் வாலில் வரும்: ரத்து செய்தால், செய்யும்போது. 'எப்போது' கேள்வி மட்டும்தான். 'கொடுக்கப்பட்ட' இன்னும் மோசம். பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைத் தேடிக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது.

தெலுங்குக்கும் இதே வால் இலக்கணம்தான். ஆனால் அங்கே மொழிபெயர்த்தவர் 'வென்' இருக்கும் இடத்தில் "ஈ பரிஸ்திதிலோ" என்று போட்டிருக்கிறார். 'இந்த நிலைமையில்' என்று பொருள். யாரும் நின்று யோசிக்க வேண்டியதில்லை. முதலாளி படித்துப் புரிந்துகொள்வதற்காகவே வந்த முறையில், திருத்தணிக்குச் சாமி கும்பிட வந்த தெலுங்குக்காரருக்குக் கிடைக்கும் தெளிவு உள்ளூர்க்காரருக்குக் கிடைக்கவில்லை!

எழுத்துச் சிக்கல் தனி. எக்ஸெல்லில் சாதாரண சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக வந்து நிற்கும், யூடிஎஃப்-8 சி.எஸ்.வி. என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைவிட நுட்பமானது ஒன்று உண்டு. யூனிகோடில் 'கொ' என்பதை 'க'வோடு ஒரே குறியாகவும் சேர்க்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவிக்கு வேறு வேறு. கண்ணில் ஒரு பிழையும் தெரியாது, ஆனால் "இப்படி ஒரு படியே இல்லை" என்று சோதனை நின்றுவிடும். ஏற்றுமதி செய்யும் நிரலிலேயே எல்லாவற்றையும் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

சொல் சிக்கலுக்கும் வழி இருக்கிறது. கெர்கினில் எந்தப் படியின் தலையிலும் முக்கியச் சொல்லுக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறி போடலாம். அப்புறம் "முந்தின நாள் ரத்து செய்தால்" என்று நேர்த் தமிழில் எழுதிக்கொள்ளலாம். எது முன்நிலை, எது விளைவு என்ற அடையாளம் போய்விடும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை; வினைவால் அதைச் சொல்லிவிடுவதால் பெரிய நஷ்டம் இல்லை.

நிலையான தீர்வு சொற்பட்டியலிலேயே இருக்கிறது. ஒரு முக்கியச் சொல்லுக்குப் பல மாற்றுச் சொற்களை கெர்கின் அனுமதிக்கிறது. 'ஃபீச்சர்' என்பதற்கே தமிழில் அம்சம், திறன், வணிக தேவை என்று மூன்று கொடுத்திருக்கிறார்கள். (மூன்றாவதில் ஒற்று மிக வேண்டும். ஆனால் சரியாக 'வணிகத் தேவை' என்று எழுதினால் கருவி ஏற்காது.) குக்கம்பர் திறந்த மூல மென்பொருள் என்பதால் திருத்தத்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். 'எப்போது' பக்கத்தில் 'இந்நிலையில்' என்று ஒரு சொல் சேர்ந்தால் பழைய கோப்புகளும் ஓடும், புதியவற்றைக் கல்லாவில் இருப்பவரும் படிப்பார்.