ஒத்துக்கொள்ளாத உடம்பா?

திருப்பதி ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் சன்னலுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவனுக்கு மழலைக்குப் பஞ்சமில்லை. திருமலையில் முடியிறக்கிச் சந்தனம் பூசிய சின்னஞ்சிறு தலைகள் நாள் முழுவதும் என் முன்னே வந்துபோகும். மூன்றாண்டுக் காலம் அத்தலைகளை நிமிர்ந்து பார்க்க என்னால் இயலவில்லை. அக்காலத்தில் என் மனைவிக்கு மூன்று முறை கரு தங்கி, மூன்று முறையும் மூன்றாம் திங்கள் நிறைவதற்குள் சிதைந்துபோயிற்று.

சித்தூரிலிருந்து வந்த என் பெரியம்மா, "இவள் உடம்புக்குப் பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லையடா" என்று என்னிடம் சொன்னது அடுக்களைவரை கேட்டது. அன்றிரவு என் மனைவி உண்ணவில்லை.

பின்னர் வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கும் ஏறக்குறைய அதே சொல்லைத்தான் கேட்டோம். படித்தவர் மொழியில் கேட்டோம், அவ்வளவே. "கருவில் பாதி உங்களுடையது. தாயின் நோய் எதிர்ப்பு ஆற்றல் அதைப் பகையென்று கருதி வெளியேற்றுகிறது. உங்கள் குருதியின் வெள்ளணுக்களைப் பிரித்து இவருக்கு ஊசியாகச் செலுத்தினால் உடல் பழகிக்கொள்ளும்" என்றார்கள். கேட்ட தொகைக்குச் சேமநல நிதியில் முன்பணம் கோரி விண்ணப்பம் எழுதினேன்.

அதை அனுப்புமுன், திருப்பதியில் மூத்த பெண் மருத்துவர் ஒருவரைக் கண்டோம். அவர் பொறுமையாக விளக்கியதை, அன்பர்களுக்கும் பயன்படுமென்று இங்கே எழுதுகிறேன்.

பிறருடைய தோலை ஒட்டினால் உடல் தள்ளிவிடுகிறது. பாதி அயலான கருவை மட்டும் ஒன்பது திங்கள் எவ்வாறு ஏற்கிறது? இக்கேள்வியை 1953-இல் எழுப்பியவர் இங்கிலாந்து அறிஞர் பீட்டர் மெடவார். வேறோர் ஆராய்ச்சிக்காக 1960-இல் நோபெல் பரிசு பெற்றவர். அக்கேள்வியினின்றே இந்த ஊசி பிறந்தது. 1985-இல் லண்டனில் நடந்த சோதனையில், கணவரின் அணுக்களைப் பெற்ற 22 பெண்களில் 17 பேர் பிள்ளை பெற்றனர். தம் அணுக்களையே பெற்ற 27 பேரில் 10 பேரே பெற்றனர். உலகெங்கும் நம்பிக்கை பரவிற்று. ஆனால் 1999-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 36 பேருக்கும், வெறும் உப்புநீர் பெற்றோரில் நூற்றுக்கு 48 பேருக்கும் கரு நிலைத்தது. ஆராய்ச்சிக்கன்றி இதனைப் பயன்படுத்தலாகாதென 2002-இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அறிவித்தது.

"அப்படியானால் ஊசி போட்டுப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்களே, அம்மா?" என்றேன். "ஊசி இல்லாமலும் அவர்களில் பலர் பெற்றிருப்பார்கள், தம்பி. காரணம் புலப்படாத தம்பதிகளில் பெரும்பாலோர் மருந்தின்றியே பிள்ளை பெறுகிறார்கள்" என்றார் அவர்.

மேலும் ஓர் உண்மை சொன்னார். கருவுற்ற தொடக்கத்தில் கருப்பையின் உட்படலத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் பெருந்திரளாகக் கூடுகின்றன. 'இயற்கைக் கொல்லி' என்று பெயர் பெற்றும் அவை கருவைக் கொல்வதில்லை. நஞ்சுக்குக் குருதி தாராளமாகப் பாயும்படி நாளங்கள் விரிவதற்குத் துணைநிற்கின்றன. தாயின் உடல் அயலானை விரட்டும் வீடன்று; வழிவிட்டு ஏற்கும் வீடு. அயல்மொழி மண்ணில் குடியேறி வாழும் நமக்கு இது விளங்காததன்று.

நோய் எதிர்ப்பு ஆற்றலின் பிழையால் கரு சிதைவதும் உண்டு. ஆண்டிபாஸ்போலிப்பிட் என்னும் எதிர்ப்பொருள்கள் குருதியில் நிலைத்திருந்தால் நஞ்சு கெடும். பன்னிரண்டு வார இடைவெளியில் இருமுறை குருதியைச் சோதித்து இதனை உறுதிசெய்வர். சிறிதளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் பலருக்குப் பயன் தருகின்றன. தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் அமைப்பு ஆகியவற்றையும் பார்ப்பர். தொடக்கத்தில் சிதையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் பிழையால் தாமே நின்றுபோகின்றன. அதற்குத் தாயின் நடையோ உணவோ காரணமன்று.

எங்களுக்கு எல்லாச் சோதனையும் குறையின்றி வந்தது. காரணம் தெரியவில்லை என்ற சொல்லைத் தாங்குவது எளிதன்று. ஊசிக்குப் பணம் கட்டுவது அதனினும் எளிது. ஆயினும் விண்ணப்பத்தைக் கிழித்தேன். நான்காம் முறை கருவுற்றபோது ஒவ்வொரு வாரமும் அஞ்சியே கழிந்தது. மகள் பிறந்தாள்.

துலாபாரத்தில் மகளை வைத்துக் கற்கண்டு நிறுத்தபோது, பெரியம்மா பெருமாளைப் புகழ்ந்தார். நானும் கைகூப்பினேன். திரும்பும் வழியில் என் மனைவி, "மற்ற மூன்றையும் நீங்கள் நினைத்தீர்களா?" என்று கேட்டாள். நினைத்தேன் என்றேன். அவள் மகளை என் தோளுக்கு மாற்றினாள்.

அன்பர்களே, நம் குடும்பங்களில் இத்துயர் நேரின், பெண்ணைப் பழித்தல் வேண்டா. கடன்பட்டு ஊசிக்கு விரைதலும் வேண்டா. முதலில் சோதனை செய்யுங்கள். அப்போதும் காரணம் கிட்டாவிடின், அவளருகே இருங்கள்.