வலையை விட்டு விலகி நின்றால்...



என் வலக்கைச் சுண்டுவிரல் இன்றும் முழுதாய் நிமிர்வதில்லை. கல்லூரி நாட்களில் வாலிபால் ஆடியபோது, தேவையற்ற இடத்தில் கையைத் தூக்கியதால் வந்த வினை அது.

சென்ற மாதம் என் இளைய மகள் பள்ளித் திடலிலிருந்து அழுத கண்களுடன் வந்தாள். "வாப்பா, எங்கள் அணியில் ஒருத்திக்கும் உயரமில்லையாம். வலைக்கு மேல் கை எட்டாதவர்களுக்கு ஆட்டம் எதற்கு என்று கேலி செய்கிறார்கள். நான் இனிப் போகமாட்டேன்" என்றாள். பெண்களுக்கான வலையின் உயரம் 2.24 மீட்டர். 13 வயதுச் சிறுமிக்கு அது மலைதானே!

விரலைக் காட்டி அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

என் காக்காதான் அன்று எங்கள் அணித் தலைவர். எதிரணியில் பந்து சரியாக உயர்ந்து வரவில்லை. வலைக்கு வெகுதொலைவில், தரையில் கால் ஊன்றியபடியே ஒருவர் அடிக்க ஆயத்தமானார். "பின்னே வா!" என்று காக்கா கத்தினார். நான் கேட்கவில்லை. வலையோரம் துள்ளி எழுவதே வீரம் என்று எண்ணிய வயது. பந்து என் சுண்டுவிரலை மடக்கிவிட்டு, எல்லைக்கு வெளியே தெறித்தது. நான் தொடாதிருந்தால் காக்காவின் கைகளிலேயே வந்து விழுந்திருக்கும்.

தொலைவிலிருந்து, குதிக்காமல் அடிப்பவரின் பந்து வலையைத் தாண்டுவதற்கே மேலெழுந்து வளைந்து வரவேண்டும். அதற்குத் தடுப்பு எதற்கு? வலையோரம் உயரும் கைகள் பின்னால் நிற்போரின் பார்வையைத்தான் மறைக்கும். அத்தகைய வேளையில், பந்தை உயர்த்திக் கொடுப்பவர் மட்டும் வலையருகே நிற்க, முன்வரிசையின் மற்ற இருவரும் 3 மீட்டர் கோட்டருகே பின்வாங்க வேண்டும். மெல்லத் தட்டிவிடப்படும் பந்து அவர்கள் பொறுப்பு. பின்வரிசையில் இருவர் ஓரங்களையும், ஒருவர் கடைசிக் கோட்டுப் பகுதியையும் காப்பர். 9 மீட்டர் சதுரத்தை ஐவர் பங்கிட்டுக் கொள்கின்றனர். பின்வாங்கியவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: ஓடிவந்து எழும்பி அடிக்க இடம் கிடைக்கிறது. வலையை ஒட்டி நின்றவருக்கு அது ஏது?

உயரமான பெண்ணொருத்தி வலையருகே எழும்பி அடித்தால், தடுப்பில்லாத களம் அவளுக்குத் திறந்தே கிடக்கும். சில புள்ளிகள் போகத்தான் செய்யும். இதையும் மகளிடம் நான் மறைக்கவில்லை. ஆனால், சிறுமியர் ஆட்டத்தில் அப்படி எழும்பி அடிப்பவர் எத்தனை பேர்?

அவள் சற்று யோசித்து, "பின்னே வா என்று யார் கத்துவது, வாப்பா?" என்று கேட்டாள்.

"முதலில் கண்டுகொண்டவர்" என்றேன்.

மறுநாளே திடலுக்குப் போய்விட்டாள். இப்போது மாலைதோறும் தொண்டை கட்டிப்போய் வீடு திரும்புகிறாள். அவள் உம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டே என்னைத்தான் ஏசுகிறார்.