பின் சக்கரம் தரையில் இருக்க வேண்டும்

ஆனைமலை,
மார்கழி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்தப் பனிக்கு அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

நேற்று ராத்திரி நீ போனில், "தை பொறந்ததும் லோடர் வெச்ச மினி டிராக்டர் எடுத்தர்றேங்க்கா, திங்கக்கெழம அட்வான்ஸ் குடுக்கப் போறேன்" என்று சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எடுக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, கட்டாயம் எடு. ஒரு மாடு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோ சாணி போடும். உன் கட்டுத்தறியில் பதினாலு உருப்படி. கூளத்தோடு சேர்த்தால் தினம் 200 கிலோ. அதை நீயும் உன் மனைவியும் விடியற்காலையில் பாண்டுச் சட்டியில் அள்ளிச் சுமப்பதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் எதை எடுப்பது, எப்படிப் பூட்டி வாங்குவது என்பதில் நீ கொஞ்சம் நிதானிக்க வேண்டும். உன்னிடம் மறைத்த ஒரு விஷயமும் இருக்கிறது, அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாமாவுக்குக் காலில் அடிபட்டு ஒன்றரை மாசம் கட்டிலில் இருந்தாரே, கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று உங்களிடமெல்லாம் சொன்னேன். அம்மா பயந்துவிடுவார்கள் என்று அவர்தான் அப்படிச் சொல்லச் சொன்னார். அவர் வழுக்கி விழவில்லை. அப்போது பழைய மினி டிராக்டர் ஒன்றை வாங்கி, ஒரு பட்டறையில் கொடுத்து முன்னால் லோடர் மாட்டியிருந்தோம். கிணற்றுக்குப் பக்கத்தில் தொட்டி கட்ட மணல் வந்திருந்தது. முந்தின நாள் மழையில் மணல் நன்றாக நனைந்து கிடந்தது. மாமா பக்கெட் நிறைய அள்ளி, தடத்தில் வரப்பு இடிக்கும் என்று லோடரின் கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார். நான் தொட்டி கட்டும் இடத்தில் நின்றிருந்தேன். முதலில் பின் சக்கரம் ஒன்று சும்மா சுற்றுவதைத்தான் பார்த்தேன். டயர்ப் பல்லில் ஒட்டியிருந்த சேறு சிதறி என் புடவையில் விழுந்தது. ஒரு சாண் உயரத்துக்கு டயர் தரையை விட்டுவிட்டது. அவர் பிரேக்கை மிதித்தார், வண்டி நிற்கவில்லை. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்துக்குத்தான். அந்தரத்தில் நிற்கிற சக்கரத்தைப் பிடித்து என்ன ஆகும்? ஒரு தென்னையில் மோதித்தான் நின்றது. அந்த மரத்தில் இடுப்பு உயரத்தில் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. காலையில் தண்ணீர் திருப்பப் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுவிட்டுத்தான் போகிறேன்.

ஏன் அப்படி ஆயிற்று என்று அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மினி டிராக்டர் 900 கிலோ என்று வைத்துக்கொள். அதில் பின் சக்கரங்களின் மேல் 500 கிலோ நிற்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் சுமார் 5 அடி. முன் அச்சிலிருந்து பக்கெட்டும் கிட்டத்தட்ட 5 அடி தள்ளித்தான் நிற்கிறது. தராசு மாதிரிதான் அது, முன் அச்சு நடுமுள். பக்கெட்டில் 250 கிலோ ஏற்றினால் பின்னால் 250 கிலோ குறையும், முன் அச்சில் 500 கிலோ கூடும். லோடரின் கையும் வெறும் பக்கெட்டும் வேறு அந்தப் பக்கமே இழுக்கும். மீதி நூறோ நூற்றைம்பதோ கிலோ. அதோடு சரிவில் இறங்கினால், அதிலும் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால், பின்பக்கம் காகிதம்தான்.

இன்னொன்று. சாணி அள்ளிப் பழகிய கைக்கு மணலின் எடை தெரியாது. ஒரு கன அடி ஈரச் சாணி 27 கிலோ அளவுக்கு வரும். ஒரு கன அடி ஈர மணல் 50 கிலோ. அதே 5 கன அடி பக்கெட்டில் சாணி என்றால் 135 கிலோ, மணல் என்றால் 250. பார்வைக்கு இரண்டும் ஒரே பக்கெட்தான்.

ஆகையால் நீ டிராக்டர் பார்க்கப் போகும்போது முதல் கேள்வி குதிரைச் சக்தியாக இருக்கக் கூடாது. "இதுக்குப் பின்னாடி என்ன எடை மாட்டித் தருவீங்க?" என்று கேள். டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பித் தருகிறோம் என்பார்கள். நல்லதுதான், நிரப்பிக்கொள். ஆனால் அந்த எடை பின் அச்சின் மேலேயே உட்கார்ந்துவிடும், முன் அச்சின் பாரத்தைக் குறைக்காது. அச்சுக்குப் பின்னால் தொங்குகிற எடைதான் முன்னால் இருப்பதைத் தூக்கிப் பிடிக்கும். நாங்கள் இப்போது வைத்திருப்பது இரண்டடிக்கு இரண்டடி, ஓரடி கனத்தில் இரும்புப் பெட்டி, உள்ளே கான்கிரீட். 270 கிலோ இருக்கும். ரோட்டவேட்டர் மாட்டுகிற அதே மூன்று புள்ளியில் மாட்டுகிறோம். பின் அச்சிலிருந்து இரண்டரை அடி தள்ளி அது தொங்குவதால் பின் சக்கரத்தில் 400 கிலோவுக்குச் சமமாக அழுத்துகிறது, முன் அச்சிலிருந்து 135 கிலோவை எடுத்துவிடுகிறது. பட்டறையில் பெட்டி அடிக்கிற செலவுதான், கான்கிரீட்டை நாமே போட்டுக்கொள்ளலாம். மாமா சொல்கிறார், மாட்டும் ஊசித் துளைகளை மட்டும் உன் வண்டியை நிறுத்தி வைத்து அளவெடுத்துப் போடச் சொல் என்று.

அடுத்தது, விற்பவர் காட்டும் நோட்டீசில் '750 கிலோ தூக்கும்' என்று பெரிதாக இருக்கும். அது பின்னால் கலப்பை தூக்குகிற கணக்கு. முன்னால் லோடர் அதில் பாதி தூக்கினாலே பெரிது. லோடருக்கென்று தனி எண் கேள். அதிலும் பக்கெட்டை மாட்டும் ஊசியில் அளந்ததா, பக்கெட்டின் நடுவில் அளந்ததா, தரை மட்டத்திலா, முழு உயரத்திலா என்று கேள். ஒவ்வொன்றுக்கும் எண் மாறும். பதில் சொல்லத் திணறுகிற இடத்தில் அட்வான்ஸ் கொடுக்காதே. டிராக்டருக்கு மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் உள்ள மத்திய அரசுச் சோதனை நிறுவனத்தின் அறிக்கை இருக்கும். இன்ஜின் சக்தி, பின்னால் தூக்கும் திறன் எல்லாம் அதில் அளந்து எழுதியிருப்பார்கள். அதையும் கேட்டு வாங்கிப் பார்.

லோடர் எங்கே பூட்டியிருக்கிறது என்று வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்காமல் வாங்காதே. எங்கள் பழைய வண்டியில் முன்பக்கத்தோடு போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு முறை பக்கெட் குப்பைமேட்டில் முட்டும்போதும் அந்த வேகம் முழுவதும் இன்ஜினும் கிளட்ச் பெட்டியும் சேர்கிற இடத்தில் போய் விழுந்திருக்கிறது. எட்டு மாசத்தில் அந்த இணைப்பில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது, திறந்து பார்த்தால் மயிரிழை போல ஒரு விரிசல். சப்-பிரேம் இரண்டு பக்கமும் பின் அச்சு வரைக்கும் நீண்டு போய்ப் பூட்டியிருக்க வேண்டும். கம்பெனி ஒத்துக்கொண்ட லோடர்தானா, மாட்டினால் வாரண்டி நிற்குமா என்பதை வாயால் சொன்னால் போதாது, பில்லிலேயே எழுதி வாங்கு.

இந்த வேலைக்கு ஃபோர் வீல் இல்லாத வண்டி வேண்டவே வேண்டாம், விலை எவ்வளவு குறைவாகக் கிடைத்தாலும் சரி. ஃபோர் வீல் போட்டிருந்தால் முன் சக்கரமும் கியரோடு பிணைந்திருக்கும், சரிவில் அதுவும் சேர்ந்து பிடிக்கும். அன்றைக்கு அது இருந்திருந்தால் அந்தத் தென்னைக்கே தழும்பு இருந்திருக்காது. பவர் ஸ்டீயரிங்கும் அப்படித்தான். பாரம் முழுக்க முன் சக்கரத்தில் இருக்கும்போது கையால் திருப்ப முடியாது.

லோடர் வேலை என்றால் முன்னே பின்னே, முன்னே பின்னே என்றே நாள் போகும். ஒரு டிரெய்லர் நிரப்ப இருபது தடவையாவது ரிவர்ஸ் போட வேண்டும். இதில் கிளட்ச் தேய்வதை உழுகிற ஆள் நினைத்தே பார்க்க மாட்டார். ஸ்டீயரிங் பக்கத்திலேயே முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு லிவர் இருக்கிற வண்டியைத் தேடு. மகிந்திரா ஓஜாவில் அந்த வசதியோடு முன்னுக்கு 12, பின்னுக்கு 12 கியர் வருகிறது. குபோட்டா நியோஸ்டார், மகிந்திரா ஜிவோ, ஸ்வராஜ் டார்கெட், ஜான் டியரில் 28 குதிரை என்று இந்த அளவில் வேறு வண்டிகளும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்து பார். உடுமலையிலேயே மெக்கானிக்கும் பாகமும் கிடைக்கிற வண்டி எதுவோ, அதற்கு என் மனசில் ஒரு படி கூட. கறவை நேரத்தில் வண்டி நின்றுவிட்டால் மாட்டுக்கு அது புரியாது.

35 குதிரை எடுத்தால் உழவுக்கும் ஆகும் என்றாய். உன் தோப்பை நினைத்துப் பார். 25 அடிக்கு 25 அடி தென்னை, நடுவில் கொக்கோ. கொக்கோவில் நாலைந்து அடியிலேயே கிளை பிரிந்து பக்கத்துக்குப் பக்கம் படர்ந்துவிடும். ஜேசிபி உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று போன வருஷமே பார்த்தாய், தென்னையின் வேரை எத்தனை மிதித்தது. நாலடி அகலம், 24-லிருந்து 28 குதிரை, அதற்கு மேல் வேண்டாம். கட்டுத்தறியின் குறுக்குச் சட்டம் எவ்வளவு உயரம், கையைத் தூக்கினால் அது தகரத்தில் முட்டுமா, இட்டேரி முனையில் ஒரே மூச்சில் திரும்புமா என்று டேப் பிடித்து அளந்துவிட்டுப் போ.

சரியாக அமைந்துவிட்டால் இதைவிட நல்ல துணை கிடையாது தம்பி. எங்கள் குப்பைக்குழியை இப்போது இருபது நாளைக்கு ஒருமுறை அடியோடு புரட்டுகிறோம். முன்பு வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் விட்டு அள்ளுவதே அரிது. காண்டாமிருக வண்டு முட்டை வைத்துப் புழுவாக வளர்வது அந்த எருக்குழியில்தானே. பக்கெட்டைக் கவிழ்த்ததும் ஆவி பறக்கிற எருவிலிருந்து விரல் தடியில் வெள்ளைப் புழுக்கள் உருண்டு விழும். எங்கிருந்துதான் வருமோ, மைனாவும் கொக்கும் வண்டிக்குப் பின்னாலேயே வரிசை கட்டிவிடும். இந்த இரண்டு வருஷமாகக் அந்த வண்டு குருத்தோலையில் கத்திரி போட்டு வெட்டினது மாதிரி போடும் முக்கோண வெட்டு எங்கள் தோப்பில் குறைந்திருக்கிறது. அதைக் காட்டத்தான் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பண விஷயம் சுருக்கமாக. 2025 செப்டம்பர் 22-லிருந்து டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகிவிட்டது, பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் ஏமாறாதே. வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்துக்கு உழவன் செயலியில் முதலில் பதிந்துவிட்டு, அனுமதி வந்த பிறகு பணம் கட்டு. கீழ்க்காடு உன் மனைவியின் பேரில்தான் இருக்கிறது. பெண் விவசாயி, சிறு குறு விவசாயி என்றால் மானிய விகிதம் கூடுதல். உடுமலை அலுவலகத்தில் போய் நேரில் கேட்டுக்கொள்.

வண்டி வந்த பிறகு எனக்காகச் சிலது செய். பாரத்தோடு போகும்போது பக்கெட் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் இருக்க வேண்டாம். கையைத் தூக்குவது டிரெய்லருக்கு எதிரில் வந்து நின்ற பிறகுதான். இன்ஜினை அணைக்கும் முன் பக்கெட்டைத் தரையில் படுக்க வை. தூக்கி நிற்கிற கையைத் தாங்குவது வெறும் எண்ணெய், ஒரு ஹோஸ் வெடித்தால் கண் இமைக்கும் நேரத்தில் கீழே இருக்கும். தலைக்கு மேல் இருக்கிற கம்பிச் சட்டத்தை நிமிர்த்தி வைத்திருக்கும்போது பெல்ட் போடு. கொக்கோவுக்குள் போக அதை மடக்கினால் பெல்ட் போடாதே, வண்டி கவிழ்ந்தால் குதிக்க முடியாது. இளநீர் வெட்ட யாரையும் பக்கெட்டில் ஏற்றாதே. பாப்பா "ஊஞ்சல் மாதிரி இருக்குதப்பா" என்று கேட்பாள், நீ இளகிவிடுவாய். அவளையும் ஏற்றாதே. பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிப்பிளுக்கும் கிரீஸ் அடி.

திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுக்காதே. அதற்கு அடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் இங்கே வந்துவிடு. மாமா கான்கிரீட் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பக்கெட் மணல் அள்ளுவார், மேட்டில் அல்ல, சமதளத்தில். பிறகு பெட்டியை மாட்டிக்கொண்டு அதே மணலை அள்ளுவார். இரண்டையும் நீயே ஓட்டிப் பார்த்து உன் இடுப்பால் தெரிந்துகொள். அப்புறம் எந்த ஷோரூமுக்கு வேண்டுமானாலும் போகலாம், மாமாவும் கூட வருகிறேன் என்கிறார்.

வரும்போது அம்மாவையும் கூட்டி வா. அன்றைக்கு நடந்ததை அம்மாவிடம் நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. பாப்பாவுக்குச் சீம்பால் காய்ச்சி வைத்திருப்பேன், செவலை இந்த வாரம் ஈன்றுவிடும்.

அன்புடன்,
அக்கா